அம்பெல் கூட்டணி

நாசரேத்தில் பிறந்து, ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்குக் காண்ட்ராக்டில் கணினி வேலை பார்க்கும் சுந்தர்சிங்கின் அரசியல் வாழ்க்கையை யாராவது எழுதி வைத்தாக வேண்டும். மனைவி எலிசாவுக்கு டெக்சாஸில், கிறிஸ்துமஸுக்கும் லீவு தராத வேலை. இவருக்கு இங்கே ஒரு படுக்கையறை வீடு.

ஊர்த் தமிழர்கள் மூன்று குழுக்களாக வாழ்ந்தனர்: சர்ச் குழு, பொங்கல் குழு, ஈழத்தமிழர் குழு. மரியாதை தெரிந்த சுந்தர்சிங் மூன்றுக்கும் போய்வந்தார். அதனால் ஒவ்வொரு குழுவும் அவரை அடுத்த குழுவின் ஆள் என்று முடிவு கட்டியது. போன கிறிஸ்துமஸுக்கு ஒருவரும் கூப்பிடவில்லை. இந்த முறையும் தனியாகச் சாப்பிட அவருக்குத் தெம்பில்லை.

அப்போதுதான் வங்கியின் பிராங்க்ஃபர்ட் கிளையில் இருக்கும் நண்பர் ஒருவர் ‘அம்பெல்’ என்ற ஜெர்மன் சொல்லை விளக்கினார். லத்தீனில் அது சின்னக் குப்பி. பிறகு தேவாலயத்தில் தொங்கும் எண்ணெய் விளக்கானது. அப்புறம் தெரு சிக்னல். கடைசியில் ஜெர்மனியில் சிவப்பு, மஞ்சள், பச்சைக் கட்சிகள் சேர்ந்து அமைத்த ஆட்சி.

ஈழத்தமிழர் குழுத் தலைவர் செல்வராஜா வீட்டில் மூன்று தலைவர்களையும் கூட்டி, சுந்தர்சிங் இதையெல்லாம் எடுத்துரைத்தார்.

“மூணு கலரும் ஒரே கம்பத்துல நிக்குது. கிறிஸ்துமஸுக்கு நாம ஒரே ஹால்ல சாப்பிடக் கூடாதா?”

“அந்த ஆட்சி கவுந்துருச்சே?” என்றார் பொங்கல் குழுத் தலைவி நாகலக்ஷ்மி.

“சாப்பாட்டுல கவுக்க என்ன மேடம் இருக்கு?”

“நல்ல யோசினை தம்பி,” என்றார் செல்வராஜா. “அவரவர் தங்கட ஆக்களுக்குச் சொல்லட்டும்.”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

விருந்து நாளன்று சுந்தர்சிங் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்துகொண்டு, எந்த ஹால் என்ற தகவலுக்காகக் காத்திருந்தார். இருட்டிய பிறகு அவரே நாகலக்ஷ்மிக்குப் போன் செய்தார். பின்னால் ஒரே இரைச்சல்.

“ஐயோ சுந்தர்! செல்வராஜா அங்கிள் இன்வைட் பண்ணிருப்பார்னு நெனச்சேனே!”

போன் செல்வராஜா கைக்கு மாறியது. “தம்பி, சர்ச் ஆக்கள் சொல்லியிருப்பினம் எண்டெல்லோ நினைச்சன்! இப்பவே வெளிக்கிட்டு வாங்கோ, சாப்பாடு மிச்சம் கிடக்கு.”

மிச்சம் என்ற சொல் ரோஷத்தைக் கிளப்பிவிட்டது.

“பரவால்ல அங்கிள். நான் வேற ஒரு குரூப்போட டின்னர்ல இருக்கேன்.”

“வேற குரூப்போ? இஞ்ச இருக்கிற தமிழ் ஆக்கள் முழுப்பேரும் இந்த ஹாலுக்குள்ளதானே தம்பி நிக்கினம்?”

சுந்தர்சிங் காலர் பட்டனைக் கழற்றினார்.

“கூட்டம் நல்லா வந்திருக்கா அங்கிள்?” என்று கேட்டார்.