பின்சீட்டுக்கு அடியில் ஒரு சிவப்புப் பொட்டு

மூலக்குளத்தில் நான் கார் விடும் ஒர்க்‌ஷாப்பில் ஒரு எலக்ட்ரீஷியன் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கருவடிக்குப்பத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் காதில் டெஸ்டரைச் செருகியிருப்பார். இருபது வருஷமாக அங்கே வயர் வேலை பார்க்கும் அந்த மனிதரின் பிழைப்பில் போன வருஷம் மண் விழ இருந்தது. மண்ணை அள்ளிக்கொண்டு நின்றவன் நான்தான். அள்ளியது என் மனைவியின் நகப்பூச்சுப் பாட்டிலால்.

சந்தேகம் என் கூடவே பிறந்தது. ஓட்டலில் இட்லி ஆறியிருந்தால் பழசு என்று நினைப்பேன். ஆவி பறந்தால், பழசை மறைக்கத்தான் இத்தனை ஆவி என்று நினைப்பேன். இப்படிப்பட்டவனிடம் ஒரு மெக்கானிக் வந்து, உங்கள் பெட்ரோல் டேங்குக்குள் கரண்ட் ஓடுகிறது என்று சொன்னால் என்ன ஆகும்?

எங்கள் ஊரில் பெட்ரோல் தமிழ்நாட்டைவிட மலிவு. ஆகவே எல்லை தாண்டிப் போகும் புதுச்சேரிக்காரன் அங்கே ஒரு சொட்டுகூடப் போடமாட்டான். நான் மாத்திரை விற்பனைப் பிரதிநிதி. திங்கட்கிழமை இங்கே டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பி, திண்டிவனம், வந்தவாசி, திருவண்ணாமலை என்று சுற்றிவிட்டு வியாழக்கிழமை திரும்புவேன். வரும்போது முள் அடியில் படுத்திருக்கும். எச்சரிக்கை விளக்கு எரியும். ஏசியை நிறுத்தி, இறக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கோரிமேடு எல்லையைத் தாண்டும்போது எனக்கு வரும் சந்தோஷம் சம்பள நாளில்கூட வந்ததில்லை.

அப்படி ஒரு வியாழக்கிழமை, எல்லையைத் தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரி எதிரில் கார் நின்றுவிட்டது. நோயாளிகளை இறக்கிக்கொண்டிருந்த பஸ்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஹாரன் அடித்தார்கள். பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று நினைத்து, இரண்டு பேரைக் கெஞ்சித் தள்ளச் சொல்லி, பங்க் வரை கொண்டுபோய் நிரப்பினேன். அப்போதும் அசையவில்லை. கட்டி இழுத்துக்கொண்டு மூலக்குளம் போனேன்.

ஒர்க்‌ஷாப் முதலாளி பாய் என் வயதுக்காரர். பின்சீட்டைத் தூக்கி, அதற்கு அடியில் இருந்த தகட்டை எடுத்து, டேங்க் மூடியைக் காட்டினார். மூடிக்கு வெளியே ஒரு கப்ளர். வயரையும் பம்பையும் சேர்க்கிற பிளாஸ்டிக் பூட்டு அது. மூடிக்கு உள்ளே, பெட்ரோல் பக்கம், இன்னொன்று. இரண்டுமே கருகி இளகியிருந்தன.

"டேங்குக்குள்ள கரண்டா, பாய்?"

"ஆமா சார். இப்பத்த வண்டில பம்பு உள்ளதான் இருக்குது. பெட்ரோல்ல முழுகிகிட்டு."

"பத்திக்காதா?"

"உள்ள காத்து கிடையாது சார். வெறும் ஆவி. அதுல பத்தாது. முழுகியிருந்தாதான் பம்புக்கே நல்லது, பெட்ரோல்தான் அத்த குளுர வைக்குது. நீங்கதான் அத்த காய வச்சி இட்டுனு வர்றீங்களே. சூடாயி கூட கரண்ட் இழுக்குது, கப்ளர் உருகுது. எல்லாம் பார்டர் சீக்கு. ஊர்ல பாதி வண்டிக்கி இதான்."

என் மாமியார் பதினோரு வருஷமாக உட்கார்ந்து வந்த இடத்துக்கு நேர் கீழே இப்படி ஒரு ஏற்பாடு. ஒரு கணம் மனம் எங்கெங்கோ போய்விட்டு வந்தது.

பார்டர் சீக்கு என்ற பெயரே எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவு சட்டென்று பெயர் சொல்கிற வியாதி எல்லாம் வியாபார வியாதி. மாத்திரை விற்கிற எனக்குத் தெரியாதா?

மறுநாள் மதியம் எலக்ட்ரீஷியன் புதுக் கப்ளர்களைப் போட்டார். அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. டேங்க் கப்ளரை அழுத்தும்போது ரேடியோவை நிறுத்திவிடுவார்கள். பூட்டு விழுந்தால் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். போட்டவர் கேட்டால் மட்டும் போதாது. இன்னொருவரும் கேட்க வேண்டும். வழக்கமாக அந்த இரண்டாவது காது பாயுடையது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை, அவர் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார்.

"நீங்க கேட்டீங்களா சார்?" என்றார் எலக்ட்ரீஷியன், குனிந்தபடியே.

"கேட்டுச்சுண்ணே."

கேட்டது உண்மை. ஆனால் டிக் என்பது பழைய கப்ளரிலும்தான் வரும். பழசைக் காட்டச் சொன்னேன். கருகின ஒன்றைக் கையில் கொடுத்தார். வாங்கிப் பார்த்தேன். ஊரில் பாதி வண்டிக்கு இந்தச் சீக்கு என்றால், இது யார் வண்டியின் கப்ளரோ?

அடுத்த மாதம் ஆயில் மாற்ற விடும்போது, என் புதுக் கப்ளரைக் கழற்றி வேறு வண்டியில் மாட்டிவிடுவார்கள் என்று இரண்டு நாள் யோசித்து முடிவுக்கு வந்தேன். அதற்கு ஓர் அடையாளம் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி மார்க்கெட் போனதும் வேலையைத் தொடங்கினேன். காரின் இந்தப் பக்கம் மணல் வாளி, அந்தப் பக்கம் நனைத்த சாக்கு. செல்போனை வீட்டுக்குள் வைத்தேன். காலில் ரப்பர் செருப்பு, கையில் பாத்திரம் தேய்க்கும் உறை. பக்கத்து வீட்டு நாயை விரட்டினேன், சாகும்போது சாட்சி வேண்டாம் என்று. சீட்டைத் தூக்கி, தகட்டை எடுத்து, பாம்பைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் வெளிக் கப்ளரை உருவினேன். நகப்பூச்சால் பக்கவாட்டில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். மறுபடி மாட்டும்போது ஒரு சந்தேகம். அழுத்தினால் பொறி வருமோ? தூங்குகிற குழந்தைக்குப் போர்வை போடுவதுபோல அதை இருந்த இடத்தில் மெல்ல வைத்தேன். கார் ஸ்டார்ட் ஆனது. அது போதும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் மனைவி பாட்டிலை முகர்ந்து பார்த்தாள்.

"இது ஏன் பெட்ரோல் நாத்தம் அடிக்குது?"

"எனக்கென்ன தெரியும்?"

"யாருக்கு நகம் போட்டு வுட்டீங்க?"

சந்தேகம் எங்கள் வீட்டில் எனக்கு மட்டும் உரியது இல்லை.

இரண்டு வாரம் கழித்து, அதே கோரிமேட்டில், அதே பஸ்களுக்கு நடுவில் கார் நின்றது. இந்த முறை டேங்கில் பெட்ரோல் பாதிக்கு மேல் இருந்தது. கட்டி இழுத்துக்கொண்டு போகும்போது எனக்குக் கோபத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். பார்டர் சீக்கு பொய் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா?

பாய் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். வெளிக் கப்ளர் ஒரு பக்கம் உருகியிருந்தது. தொட்டதும் தானாகக் கையோடு வந்துவிட்டது.

"லாக்கே வுழல," என்றார். பிறகு திரும்பி, "அண்ணே, இங்க வாங்க."

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார்.

"நா அழுத்துனேன் பாய். டிக்குன்னு கேட்டுச்சு."

"கேட்டா இப்பிடி வருமா? லூசா இருந்து சூடாயி உருகியிருக்குது. நல்ல வேளை, ரோட்ல நின்னதோட போச்சு."

"கேட்டுச்சு பாய்."

"போன வாரம் நா மூணு தடவ கூப்ட்டேன், நீங்க திரும்பல. காது மந்தமாயிட்டுது ஒங்களுக்கு. சொன்னா கோச்சிக்கிறீங்க." பாய் குரலை உயர்த்தவில்லை. அதுதான் மோசமாக இருந்தது. "டேங்க் வேல இனிமே ஒங்களுக்கு வேணாண்ணே. யாரு வண்டியாவது பத்திக்கினா நா என்ன பதில் சொல்றது? வூட்ல இருங்க. பசங்க சம்பாரிக்கிறாங்க இல்ல."

எலக்ட்ரீஷியன் காதில் இருந்த டெஸ்டரை எடுத்து, சுண்டுவிரலை உள்ளே விட்டுக் குடைந்தார். தன் காதையே சந்தேகப்படுகிற ஒரு மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். கப்ளரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது இன்னா பாய், செவப்பா?"

"கருகுனா எல்லா கலரும்தான் வரும். பேச்ச மாத்தாதீங்க."

பொட்டு பாதி உருகிப் பழுப்பாகியிருந்தது. எனக்கு மட்டும் அது பளிச்சென்று தெரிந்தது.

"சார் கேட்டாரு," என்றார் எலக்ட்ரீஷியன் திடீரென்று. "நீங்க தொழுவப் போயிருந்தீங்க. சாரக் கேளுங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். சரியாக ஞாபகம் இல்லை என்று சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். வாயைத் திறந்தபோது அந்த வாக்கியம் தயாராகவே இருந்தது. எலக்ட்ரீஷியனின் சுண்டுவிரல் மறுபடி காதுக்குள் போயிருந்தது.

"கேட்டுச்சு பாய். நல்லா கேட்டுச்சு. அப்புறம் நாந்தான் கழட்டுனேன்."

"எத்த?"

"கப்ளர. அடையாளம் வைக்க. அது நெயில் பாலிஷ்."

சொல்லச் சொல்ல எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. மணல் வாளி, ரப்பர் செருப்பு, நாய், மாமியார் உட்காரும் இடம், எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் அடையாளம் என்று வந்தபோது மட்டும் குரல் இறங்கியது. பாய் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"எத்தினி வருசமா வர்றீங்க சார் இங்க?"

"பதினாலு."

"பதினாலு வருசமா நாங்க திருடுறோம்னு நெனச்சிகினே டீ குடிச்சீங்களா?"

"எல்லாரையும் அப்பிடித்தான் நெனைப்பேன் பாய். ஒங்கள மட்டும் இல்ல."

இதைச் சமாதானமாகத்தான் சொன்னேன். எலக்ட்ரீஷியன்தான் முதலில் சிரித்தார். "மாமியார் ஒக்கார்ற எடத்துல நெயில் பாலிஷ் போட்டிருக்காரு பாய்," என்றார். பிறகு பாயும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் அவர் எலக்ட்ரீஷியனிடம் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. புதுக் கப்ளர் ஒன்றைப் பிரித்து என் கையில் வைத்தார்.

"நீங்களே மாட்டுங்க சார். பேட்டரி வயர கழட்டியாச்சி, ஒண்ணும் ஆவாது."

எலக்ட்ரீஷியனைப் பார்த்து, "நீங்க கேட்டாண்ட போயி நில்லுங்கண்ணே," என்றார்.

அவர் பட்டறையைக் கடந்து வாசல் கேட் வரை போய் நின்றார். ரேடியோவை நிறுத்தினார்கள். வில்லியனூர் சாலையில் ஒரு லாரி போய்த் தேய்ந்து மறையும் வரை காத்திருந்தோம். கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினேன்.

டிக்.

கண்ணைத் திறந்து திரும்பியபோது கேட்டருகே அவருடைய கை மேலே தூக்கியிருந்தது.

பாய் ரேடியோவைப் போட்டார். அடுத்த வண்டியின் சாவியை எடுத்து எலக்ட்ரீஷியனிடம் தூக்கிப் போட்டார். அதுவும் டேங்க் வேலைதான்.

நான் இப்போது திண்டிவனத்திலேயே கொஞ்சம் பெட்ரோல் போட்டுக்கொள்கிறேன், மனசு எரிய எரிய. ஆனால் ஒரு சந்தேகம் இன்னும் போகவில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து என் முதுகும் தோளும் நன்றாகத் தெரியும். தோள் குலுங்கியதைப் பார்த்துக் கையைத் தூக்கினாரா, சத்தம் கேட்டுத் தூக்கினாரா?

இதை மட்டும் நான் யாரிடமும் கேட்கவில்லை.