சுழியோடிகளுக்குத் தண்ணீர் கேட்டவள்

சாப்பாட்டு ஆலோசகர் வேலையில் பெரிய கரைச்சல் என்னவென்றால், வாய் உள்ள எல்லாருமே உங்களுக்கு மேலதிகாரிகள். தெரிந்ததைச் சொல்லப்போய் வாங்கிக்கட்டிக்கொள்ளும் என் சக பாவப்பட்டவர்களே, இது உங்களுக்குத்தான்.

திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஒரு முகாம். படைச் சுழியோடிகளைப் பழக்கி எடுக்கும் இடம். அங்கே பொடியன்மார் என்ன சாப்பிடவேண்டும், எப்போது குடிக்கவேண்டும் என்று சொல்வது என் வேலை. சீருடை இல்லாத உத்தியோகத்தர். லிங்கநகரிலிருந்து ஸ்கூட்டியில் போய்வருகிறவள். முகாமில் கதை எல்லாம் சிங்களத்தில்தான். இங்கே தமிழில் தருகிறேன்.

வாசல் சோதனை

வாசலில் பையைச் சோதிப்பார்கள். சோதிக்கட்டும். ஆனால் ஒரு காவலாளி, அவர் சாப்பிடும் மூன்று வேளைச் சாப்பாட்டையும் தீர்மானிப்பவள் நான்தான் என்று நன்றாகத் தெரிந்தவர், என் சாப்பாட்டுப் பெட்டியையும் திறந்து மணந்து பார்ப்பார். ஒருநாள் பொறுக்கமுடியாமல், "அதுக்குள்ள என்னத்தைத் தேடுறீங்கள்?" என்று கேட்டேன். மூடியைப் பக்குவமாகப் பூட்டித் தந்தார். "ஒண்டுமில்லை மிஸ். கத்தரிக்காய்க் கறிக்கு எண்ணெய் கூடிப்போச்சு. உடம்புக்குக் கூடாது."

முட்டை போன இடம்

காலையில் கடலில் நீந்திவிட்டு வருகிறவனுக்கு உடனே நல்ல சாப்பாடு வேண்டும். இதற்கு விஞ்ஞானம் தேவையில்லை. ஆனால் குசினிப் பொறுப்பாளர் மணிக்கூட்டைப் பார்த்துச் சட்டியைத் தூக்கிவிடுவார். நீரோட்டம் எதிர்த்த நாட்களில் பொடியன்மார் கைகால் விறைத்துப் பிந்தி வந்தால், மிச்சம் இருப்பது காய்ந்த பாணும் சம்பலும். முட்டைகளை அலுவலகக் கதிரையில் இருக்கிறவர்கள் முடித்திருப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கடலுக்குப் போனவைக்கு எடுத்துவைக்க ஏலாதா?"

"ஏன் ஏலாது மிஸ்? நேரத்துக்கு நீந்தி வரச்சொல்லுங்கோ."

தகரப் பேணி

சுழியோடப் பழகவந்த சமிந்த என்ற பொடியனுக்கு நெஞ்சு படபடத்தது, விரல்கள் நடுங்கின. விசாரித்தால், தசை ஏற ஏதோ மாவைக் கரைத்துக் குடிக்கிறான். பேணியைப் பறித்துக்கொண்டு நேராக டவுனுக்கு, அதை விற்ற கடைக்குப் போனேன். என்ன கலந்திருக்கிறது என்று ஒரு வரிகூட அதில் எழுதியிருக்கவில்லை. முறுக்கிய கையோடு ஒரு வெள்ளைக்காரனின் படம் மட்டும். "அண்ணை, இதுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டேன். முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. "உள்ளுக்குக் கிடக்கிறது எனக்கென்னத்துக்கு தங்கச்சி? வெளியில படம் கிடக்குத்தானே!"

கண்டி வீதியில்

கப்பல்துறைக் கிராமத்துப் பக்கம், முதுகில் பாரத்தோடு ஓட்டப் பயிற்சி. வெயில் ஏறிவிட்டது. நான் தண்ணீர்ப் போத்தல்களோடு முகாம் வாகனத்தில் பின்னால் போனேன். பயிற்றுநர் கொடுக்க விடவில்லை. தாகத்தைத் தாங்கப் பழகவேண்டுமாம். இறங்கிப்போய் முதலில் கெஞ்சினேன், பிறகு சத்தம்போட்டேன். "வாகனத்தில ஏறுங்கோ மிஸ்," என்றார். கொஞ்சத் தூரத்தில் சமிந்த வீதியை விட்டு விலகிப் பற்றைக்குள் ஓடினான். பின்னால் ஓடிப் பிடித்தேன். என்னை "அம்மா" என்று கூப்பிட்டு, மாட்டைக் கட்டியாச்சா என்று கேட்டுவிட்டு விழுந்தான். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது.

இருந்த தண்ணீர் முழுவதையும் அவன்மேல் ஊற்றினோம். போதவில்லை. அந்த நேரம் கிண்ணியாவிலிருந்து மீன் விற்கவரும் முஸ்லிம் நானா ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஐஸ் போட்ட மீன் பெட்டியோடு வந்தார். மறித்தேன். நான் சொல்லி முடிக்கமுன் பெட்டியைக் கவிழ்த்துவிட்டார். மீன் வீதியில் கிடந்தது. ஐஸைக் கழுத்திலும் கமக்கட்டிலும் அடைத்தோம். ஆஸ்பத்திரி வரைக்கும் நானா எங்களோடு வந்து, தன் தொப்பியால் அவனுக்கு விசிறிக்கொண்டே இருந்தார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் தப்பியிருக்கமாட்டான் என்றார் டொக்டர். வாட்டு வாசலில் காத்துநின்றேன். அங்கே வந்த பயிற்றுநர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நாங்கள் பழகேக்க ஐஸும் இல்லை, மிஸ்ஸும் இல்லை."

புதிய கட்டளை

நான் விடவில்லை. முகாம் அதிகாரியின் அறைக்குப் போனேன். இருக்கச் சொன்னார், இருக்கவில்லை. "அடுத்த பொடியன் செத்தால் அவன்ர தாயிட்ட நீங்கள்தான் போய்ச் சொல்லவேணும், சேர்," என்றேன். மறுநாளே கட்டளை வந்தது: ஓட்டத்தில் எல்லாரும் தண்ணீர் குடிக்கவேண்டும். பயிற்றுநர் அதையும் தன் பாணியில் நிறைவேற்றத் தொடங்கினார். தேறி வந்து நிழலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த சமிந்த, சிரிப்பை அடக்கமுடியாமல் என்னிடம் சொன்னான்: "மிஸ், இப்ப தண்ணி குடிக்காதவனுக்குத்தான் தண்டனை."

நாட்டிலேயே திடமான ஆண்களோடு இத்தனை காலம் வேலை செய்ததில் என் உடம்பிலும் ஒன்று நன்றாக ஏறியிருக்கிறது, இரத்த அழுத்தம்.