நல்ல போர்டும் ஒரு கேபிளும்

டிரோனின் ஃப்ளைட் கண்ட்ரோலர் போர்டில் புது ஃபர்ம்வேர் மென்பொருளை ஏற்ற நான்கு நாட்களாக முயன்றேன். பூட் பட்டனை அழுத்திக்கொண்டே கேபிளைச் சொருகினால் போர்டில் விளக்கு எரிகிறது. கம்ப்யூட்டர் மட்டும் அப்படி ஒரு போர்டே இல்லை என்கிறது.

இன்று காலை, போர்டை விற்ற கடைக்கே போய்ச் சண்டை போட்டேன்.

“கேபிள மாத்திப் பாத்தீங்களா யஜமானரே?” என்றார் கடைக்காரர்.

“யாருகிட்டயும் கத்துக்காம நாப்பது வருஷம் ரேடியோ ரிப்பேர் பண்ணவன் நான். எனக்குக் கேபிள் பாடம் வேணாம்.”

கடையில் இருந்த கூட்டம் திரும்பிப் பார்த்தது. கடைக்காரர் பழைய போர்டைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் புதியதைக் கொடுத்தார்.

ஆஸ்டின் டவுனில் உள்ள வீட்டுக்கு வந்து சொருகினேன். அதே கதை.

“இதுவும் டூப்ளிகேட்” என்றேன்.

மருமகள் எட்டிப் பார்த்தாள். “மாமா, இது என் ஹெட்செட் கேபிள். சார்ஜ் மட்டும்தான் ஏறும், டேட்டா போவாது.”

அவளுடைய போன் கேபிளைப் போட்டேன். அரை நிமிடத்தில் ஃபர்ம்வேர் ஏறிவிட்டது.

உடனே கடைக்குப் போன் செய்தேன். “அந்தப் போர்ட கூடையிலேர்ந்து எடுத்து வைங்க. நல்ல போர்டு அது.”

“கேபிளா யஜமானரே?” என்றார்.

போனை வைத்துவிட்டேன்.

கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறாள் மருமகள். சார்ஜுக்கு மட்டும் என்று மேலே எழுதாமல் கேபிள் செய்தவன் முதலில் என்னிடம் கேட்கட்டும். வரிசை அதுதானே, நீங்களே சொல்லுங்கள்.