சுக்குக் களத்தைச் சுற்றி

மாயம்மாளும் அவள் புருஷன் சுப்புராஜும் கமுதிப் பக்கத்திலிருந்து கொச்சிக்கு வந்தது எழுபத்தைந்தில். சுப்புராஜ் மட்டாஞ்சேரி பஜாரில் கைவண்டி இழுத்தான். அரிசி மண்டிகளிலிருந்து சில்லறைக் கடைகளுக்கு மூட்டை கொண்டுபோய்ப் போடுவது வேலை. மாயம்மாள் கொச்சங்காடியில் ஒரு சுக்குக் குடோனில் சேர்ந்தாள். சம்மணம் போட்டு உட்கார்ந்து, நல்ல சுக்கு, பூச்சி அரித்தது, ஒடிந்தது என்று பிரித்துப் போட வேண்டும். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் சாப்பாட்டு மணி அடிக்கும்போதுதான் எழுந்திருப்பாள். சுள்ளிக்கல்லில் ஓர் அறையும் ஒரு சமையல் சாய்ப்பும் வாடகைக்குப் பிடித்திருந்தார்கள்.

எழுபத்தொன்பதில் முதல் பிள்ளை. வயிறு பெரிதாக இருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் பிள்ளை கொழுகொழுவென்று பிறக்கும் என்றார்கள். மாயம்மாளுக்குப் பசியும் தாகமும் அடங்கவே இல்லை; கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் மீனும், பலாப்பழமும், நாளைக்கு ஐந்தாறு சாயாவுமாகச் சாப்பிட்டாள். பிரசவத்தில் தலை வந்தது, தோள் மாட்டிக்கொண்டது. இழுத்து வெளியே எடுத்தபோது ஆண் பிள்ளை, நாலரைக் கிலோ, உயிர் இல்லை. ஏன் அப்படி ஆயிற்று என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து வேலைக்குப் போனாள்.

அதன்பிறகு நாலு வருஷம் ஒன்றும் தங்கவில்லை. எண்பத்து மூன்றில் மறுபடி உண்டானபோது சுப்புராஜ் அவளை நடக்கவே விடவில்லை. காலையில் வெறும் வண்டியில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, அவளை உட்காரவைத்து, கொச்சங்காடிவரை இழுத்துக்கொண்டு போய் இறக்கிவிடுவான். பஜாரில் கேலி பேசினார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நவம்பரில், ஆறாவது மாதம், ஆஸ்பத்திரியில் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா முதல் பிள்ளையின் எடையைக் கேட்டார். நாலரை என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மறுநாளே ரத்தம் எடுத்தார்கள். வெறும் வயிற்றில் ஒரு தடவை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை. இரண்டிலும் சர்க்கரை கூடுதலாக இருந்தது.

கர்ப்பத்தில் சிலருக்கு இப்படி வரும், பெற்றதும் பெரும்பாலும் போய்விடும் என்றார் டாக்டரம்மா. தாயின் ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் பிள்ளைக்கும் அது போகும், பிள்ளை அளவுக்கு மீறிப் பெருக்கும். முதல் பிள்ளைக்கும் இதுவே காரணமாக இருந்திருக்கலாம் என்றார். மாயம்மாள் அழவில்லை. இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள்.

மலையாளத்தில் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தார்கள். நர்ஸ் படித்துக் காட்டினாள். ஆப்பிள், ஆடை எடுத்த பால், கோதுமை ரொட்டி என்று அதில் இருந்தது. மாயம்மாள் முழுவதும் கேட்டுவிட்டு, தன்னால் வாங்க முடிந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டாள். சாளை மீன் ஆகுமா? பொரிக்காமல் குழம்பு வைத்தால் ஆகும். சிறுபயறு? நல்லது. முருங்கைக்கீரை? எவ்வளவு வேண்டுமானாலும். கப்பை? கூடாது. சோறு மத்தியானம் ஒரு சின்னக் கிண்ணம், ராத்திரி அதிலும் பாதி. சாயாவுக்குச் சர்க்கரை வேண்டாம். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு இருபது நிமிடம் நடக்க வேண்டும். கைவண்டிப் பயணம் பற்றிக் கேள்விப்பட்ட டாக்டரம்மா வாசலில் நின்ற சுப்புராஜை உள்ளே கூப்பிட்டு, அவளை நாளைக்கே வண்டியிலிருந்து இறக்கும்படி சொன்னார்.

வீட்டில் சோதிப்பதற்கு ஒரு கண்ணாடிக் குழாயும் ஒரு புட்டி நீலத் தண்ணீரும் மருந்துக்கடையில் வாங்கினார்கள். நீலத் தண்ணீரில் எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் கூடுதல், செங்கல் நிறம் என்றால் மிகவும் மோசம். மாயம்மாள் காலை ஆறு மணிக்குப் பயறு சாப்பிடுவாள். எட்டு மணிக்கு சுப்புராஜ் மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் முன்னால் குந்தி உட்கார்ந்து குழாயைத் தீயில் காட்டுவான். பிறகு இருவரும் கிளம்புவார்கள். அவள் நடப்பாள், பக்கத்தில் அவன் வெறும் வண்டியை இழுத்துக்கொண்டு வருவான்.

குடோனில் மத்தியானம் அரை மணி நேரம் விடுவார்கள். மாயம்மாள் பத்து நிமிடத்தில் சாப்பிட்டு முடித்துவிட்டு, சுக்கு காயப்போட்டிருந்த களத்தைச் சுற்றி நடப்பாள். மற்ற பெண்கள் கோயிலைச் சுற்றுகிறாள் என்று சிரித்தார்கள். மேஸ்திரி மொய்து முதல் நாள் முறைத்துப் பார்த்தார். காரணம் தெரிந்ததும், பகலில் வெயில் ஏறும்வரை அவளைச் சுக்கு கிளறிப் போடும் வேலைக்கு மாற்றினார். அதுவும் நடந்துகொண்டே செய்கிற வேலைதான்.

முதல் பதினைந்து நாள் குழாயில் பச்சைக்கு மேல் போகவில்லை. டிசம்பர் நடுவில் ஒரு நாள் மஞ்சளானது. அடுத்த நாளும் மஞ்சள். மூன்றாம் நாள் செங்கல் நிறம். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோதும் கூடியிருந்தது. இன்னும் பத்து நாள் பார்க்கலாம், இறங்காவிட்டால் படுக்கையில் சேர்த்து இன்சுலின் ஊசி போட வேண்டியிருக்கும் என்றார் டாக்டரம்மா.

சுப்புராஜுக்குச் சந்தேகம் வந்தது. சர்க்கரை டப்பாவைத் திறந்து பார்த்தான். அது அப்படியே இருந்தது. எனவே குடோனில்தான் ஏதோ தின்கிறாள் என்று முடிவு செய்தான். ஒரு நாள் மத்தியானம் குடோன் வாசலில் நின்று, அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் அங்கம்மாளைக் கூப்பிட்டு, மாயம்மாள் திருட்டுத்தனமாக ஏதாவது சாப்பிடுகிறாளா என்று விசாரித்தான். நாலைந்து பெண்கள் காதில் விழுந்தது.

அங்கம்மாள் சொல்லித்தான் மாயம்மாளுக்குத் தெரிந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல? ஊரைக் கூட்டி எதுக்குக் கேக்கிறீங்க?"

"போனது போல இதுவும் போயிருமோன்னு பயமா இருக்கு மாயி," என்றான் சுப்புராஜ்.

"போனது எனக்கு மட்டும் மறந்துபோச்சா?"

அதற்குமேல் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நாலு நாள் அப்படிப் போயிற்று. அவள் மூத்திரம் பிடித்து வைப்பாள், அவன் காய்ச்சிப் பார்ப்பான், குழாயைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவான். காலையில் அவள் முன்னால் நடந்தாள், அவன் வண்டியோடு இருபதடி பின்னால் வந்தான்.

ஐந்தாம் நாள் அவள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். எதையும் ஒளித்துத் தின்னவில்லை, டாக்டரம்மாவாவது நம்ப வேண்டும் என்றாள். டாக்டரம்மா காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை வாய்க்குள் போவதையெல்லாம் சொல்லச் சொன்னார். பயறு, மீன், கீரை, கிண்ணச் சோறு என்று அவள் சொல்லி முடித்தாள்.

"குடிக்குன்னதோ?"

"வேற எதுவும் குடிக்கிறதில்லம்மா. வெறும் கஞ்சித்தண்ணிதான்."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. சோற்றைக் குறைத்ததில் அவளுக்குப் பசி தாங்கவில்லை. டிசம்பரில் களத்து வேலைக்குப் போனபிறகு தாகமும் கூடிற்று. மத்தியானத்துக்குச் சோறு வடிக்கும்போது, வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் காலை ஏழு மணிக்கு இரண்டு டம்ளர் குடித்தாள். குடோனுக்கும் ஒரு பாட்டில் கொண்டுபோனாள். சோற்றைத்தான் குறைக்கச் சொன்னார்கள். இது தண்ணீர்தானே என்பது அவள் கணக்கு.

"கஞ்சிவெள்ளம் வெள்ளமல்ல மாயம்மா," என்றார் டாக்டரம்மா. "அது சோறுதன்னெ. அலிஞ்ஞ சோறு."

கஞ்சித்தண்ணி தண்ணீர் இல்லை, கரைந்த சோறு என்பது மாயம்மாளுக்குப் புரிந்தது. திட்டு விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை. சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரும், வெண்ணெய் எடுத்த மோரும் குடிக்கச் சொன்னார். பசித்தால் இன்னும் ஒரு கைப்பிடி பயறு சாப்பிடலாம், பட்டினி கிடக்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் அவள் சுப்புராஜிடம் விஷயத்தை மட்டும் சொன்னாள். கஞ்சியை அன்றிலிருந்து பக்கத்து வீட்டு ஆட்டுக்கு ஊற்றினாள். மூன்றாம் நாள் குழாய் பச்சையாயிற்று, ஒரு வாரத்தில் நீலம் கண்டது. நீலம் கண்ட அன்று மத்தியானம் சுப்புராஜ் குடோன் வாசலுக்குப் போனான். அங்கம்மாளைக் கூப்பிட்டான். அன்றைக்கு அவன் விசாரித்தது காதில் விழுந்த அதே பெண்கள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டான்.

"நான் அன்னைக்கு அப்படிக் கேட்டது தப்பு," என்றான். "அவ எதையும் ஒளிச்சுத் தின்னல."

மாயம்மாள் அப்போது களத்தின் மறுகோடியில் நடந்துகொண்டிருந்தாள். அவன் வந்து போனதைப் பார்த்தாள். நடையை நிறுத்தவில்லை. சாயங்காலம் அவனுக்கு மீன் குழம்பில் நடுத்துண்டைப் போட்டாள்.

நடுவில் ஒரு தடவை, பொங்கலன்று, ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டாள். அதை அவளே சொன்னாள், சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் நடந்தாள். மற்றபடி தவறவில்லை. ஊசி தேவைப்படவில்லை.

பிப்ரவரி கடைசியில், நாள் தள்ளிப்போக விடாமல், டாக்டரம்மா ஆஸ்பத்திரியில் சேர்த்து வலி எடுக்க மருந்து ஏற்றினார். பதினோரு மணி நேரம் ஆயிற்று. தலை வந்ததும் மாயம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். தோளும் கூடவே வந்தது. பெண் குழந்தை, மூன்று கிலோ நூறு கிராம். உடனே பால் கொடுக்க வைத்து, குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தார்கள். சரியாக இருந்தது. வீரலட்சுமி என்று பெயர் வைத்தார்கள்.

ஒன்றரை மாதம் கழித்துச் சோதித்தபோது மாயம்மாளுக்குச் சர்க்கரை இல்லை. ஆனால் பிற்காலத்தில் திரும்ப வரலாம், வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவள் பார்த்துக்கொண்டாள். டாக்டரம்மா வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன பிறகும் அதே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதித்துக்கொண்டாள். குடோனில் மறுபடி உட்கார்ந்து பிரிக்கும் வேலைதான் கிடைத்தது. சோறு பழையபடி ஆயிற்று.

எண்பத்தொன்பதில் சர்க்கரை திரும்பத் தெரிந்தது. இந்தத் தடவை அது போகாது என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மாயம்மாளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. வீரலட்சுமி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து, ஸ்லேட்டில் மலையாள எழுத்துப் பழகிக்கொண்டிருந்தாள்.