முள் ஏறாத மீட்டர்

மொட்டை மாடியில் நானே கட்டிய ஏரியலிலிருந்து அலை எவ்வளவு கிளம்புகிறது என்று பார்க்கத்தான் அந்த மீட்டரைச் செய்தேன். திண்டிவனத்தில், பொழுதுபோக்காக வானலையில் பேச ஹாம் ரேடியோ லைசென்ஸ் வைத்திருக்கிறேன் என்றால் தெருவில் யாருக்கும் புரியாது. ‘ஏதோ வயர்லெஸ்ஸு பண்றாரு’ என்பார்கள். மீட்டரில் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு சோப்பு டப்பா, உள்ளே கம்பிச் சுருள், டையோடு, முகப்பில் முள் ஆடும் அளவுமானி, மேலே இழுத்து நீட்டும் குச்சி. பேட்டரி கிடையாது. காற்றில் வரும் அலையே முள்ளைத் தள்ள வேண்டும்.

தள்ளவில்லை. கீழே ரேடியோ செட்டில் பேசும்போது அழுத்தும் பட்டனை ரப்பர் பேண்டால் இறுக்கிவிட்டு மாடிக்கு ஓடினேன். ஏரியலை உரசும் அளவுக்குக் குச்சியைக் கொண்டுபோனபோது மட்டும், சாகப்போகிற பூச்சியின் கால் மாதிரி முள் ஒருமுறை துடித்தது.

பற்றவைத்ததையெல்லாம் எடுத்து மறுபடி வைத்தேன். சுருளை அவிழ்த்துச் சுற்றினேன். அளவுமானியைத் தனியாகச் சோதித்தேன், ஒழுங்காக ஏறியது. மிச்சம் டையோடுதான். எனக்கு வேண்டியது ஜெர்மானியம். அதுதான் மெலிந்த அலைக்கும் வழிவிடும். மல்டிமீட்டரோ இது சிலிக்கான் என்றது. நகத்தால் சுரண்டினேன். மேலே இருந்த எழுத்து உரிந்து, கீழே வேறு எழுத்து தெரிந்தது. போலி.

பஸ் ஏறி விழுப்புரம் போய், டையோடு வாங்கின கடையில் காட்டினேன். கடைக்காரர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“டையோடுன்னா டையோடுதான் சார். அதுல இன்னா ஜெர்மானியம்?”

“மேல ஒண்ணு எழுதியிருக்கு, உள்ள வேற இருக்குதுங்க.”

“வர்றத விக்கிறேன். சும்மா பேஜாரு பண்ணாதீங்க, கஸ்டமர் நிக்கிறாங்க.”

எனக்குப் பின்னால் ஒருவரும் நிற்கவில்லை.

பழைய ரேடியோக்களில் ஜெர்மானியம்தான் இருக்கும். திரும்பி வந்து, பழைய இரும்புக் கடையில் உடைந்த டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்றைப் பொறுக்கினேன். வீட்டில் திறந்தால் கரப்பான் முட்டை, பல்லிப் புழுக்கை, எலி மூத்திர நாற்றம்.

“சோறு துன்ற மேசையில இத்த வெச்சிக்கினு இன்னாங்க பண்றீங்க? ஜல்தியா எடுங்க!” என்று மனைவி மூக்கைப் பொத்தினாள்.

துவைக்கிற கல்லுக்குக் கொண்டுபோய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதிலிருந்த டையோடை உருவினேன். அசல் ஜெர்மானியம். மாற்றிப் பற்றவைத்து, செட்டின் பட்டனை மறுபடி இறுக்கியதும் முள் எழுந்தது.

அந்தச் சந்தோஷம் மாடிப்படிவரைதான். ஏரியலின் அடியில் நின்றால் முள் கால்வாசிகூட ஏறவில்லை. செட்டிலிருந்து ஏரியலுக்குப் போகும் கேபிளை ஒட்டிக் கீழே இறங்க இறங்கத்தான் ஏறியது. சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே கேபிள் போகும் இடத்தில், கடைசிக் கோட்டில் போய் முட்டிக்கொண்டது. ஊரெல்லாம் சக ஹாம்களிடம் நான் பீற்றிக்கொண்ட ஏரியல், அலையை வானத்துக்கு அனுப்பாமல் எச்சில் தட்டுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

“அதான் வேல செய்யுதே, அப்புறம் இன்னாத்துக்கு மூஞ்ச இப்டி வெச்சிக்கினு இருக்கீங்க?” என்றாள் மனைவி.

“நல்லாத்தான் வேல செய்யுது” என்றேன்.

மாடிக்குப் போய் ஏரியலை அவிழ்த்துத் தரையில் போட்டேன். அன்று சாயங்காலம் செட்டில் காணோமே என்று நண்பர்கள் செல்போனில் கூப்பிட்டார்கள். எடுக்கவில்லை.