தொட்டுப் பார்த்த ஒயர்

எங்கள் ஐஸ்கிரீம் டிரெய்லரில் புதிதாக லித்தியம் பேட்டரி வைத்திருந்தோம். இழுக்கும் வேன் ஓட ஓட, ஒயர் வழியாக அதற்குச் சார்ஜ் ஏறும். ஏறாவிட்டால் ஃப்ரீசர் நின்று, திருவிழாவுக்கு ஏற்றிய சரக்கெல்லாம் உருகிவிடும். ஒயர் சூடாகித் தீப்பிடிக்குமோ என்ற பயத்தில், பென்னாகரம் போகும் வழியெல்லாம் வண்டியை அணைக்கச் சொல்லி, இறங்கித் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

"காய்ச்சல் அடிக்குதா? மாத்திர வாங்கியாரட்டுமா?" என்றார் வேனை ஓட்டிய என் வீட்டுக்காரர்.

"சிரிக்காதீங்க. சார்ஜு ஏறவே இல்லைங்க!"

"நீ அணைக்கச் சொல்லிக்கிட்டே இருந்தா எப்படி ஏறும்? வண்டி ஓடுனாத்தான ஏறும்!"

அதற்குப் பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பென்னாகரத்தில் முதலில் ஐஸ்கிரீம் வாங்கிய பெரியவர், "என்னம்மா, கல்லாட்டம் இருக்குது, பல்லே போயிடும்!" என்று கோபித்துக்கொண்டார். எனக்கு வந்த சந்தோஷத்தில் அவருக்கு இன்னொன்று எடுத்துக் கொடுத்தேன். அதுவும் கல்லாகத்தான் இருந்தது.