கன்னத்தில் நூல், கையில் வெற்றிலை

ஏழெட்டு வருடத்துக்கு முன்பு, ஒரு தை மாதம். பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் கட்டிக்கொண்டிருந்த நேரம். மஸ்கட்டில் இருபத்திரண்டு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு, போதும் என்று நான் ஊரோடு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவன் பூசினாற்போல் வர வேண்டும் என்பது ஊரின் எதிர்பார்ப்பு. நானோ சர்க்கரைக்குப் பயந்து பதினான்கு கிலோ குறைத்திருந்தேன். உடம்பு இளைத்தது, முகத்துத் தோல் மட்டும் அளவெடுக்காமல் தைத்த சட்டை மாதிரி தொளதொளவென்று தொங்கியது. டீக்கடையில் ஒருவர், சலூனில் ஒருவர், "என்னங்க, உடம்புக்கு ஏதாச்சும்..." என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். அப்போது என் மகளுக்குத் திருத்துறைப்பூண்டியில் வரன் கூடிவந்திருந்தது. பையன் சிங்கப்பூரில் வேலை. இருவருக்கும் பிடித்துப்போய் போனில் பேசவும் ஆரம்பித்துவிட்டார்கள். அப்பனுக்குச் சீக்கு, அதனால்தான் வேலையை விட்டு வந்துவிட்டான் என்று யாராவது அங்கே போய் ஓதிவிட்டால்? அந்தப் பயம் என்னைத் தஞ்சாவூருக்குத் துரத்தியது.

அங்கே ஒரு தோல் கிளினிக். கத்தி கிடையாது, தையல் கிடையாது. தோலுக்கடியில் ஊசி வழியாக நூல் விட்டுத் தூக்கி நிறுத்துவோம், நூல் சில மாதத்தில் தானே கரைந்துவிடும் என்றார் டாக்டரம்மா. மனைவியிடம் பேங்குக்கு என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தேன். மரத்துப்போக ஒரு ஊசி, அப்புறம் ஒரு பக்கத்துக்கு நாலு நூல். ஒரு மணி நேரத்தில் எழுந்து கண்ணாடியைப் பார்த்தால், கொஞ்சம் வீக்கம் இருந்தாலும், கன்னம் மேலே ஏறியிருந்தது. மூன்று வாரத்துக்கு வாயை அகலமாகத் திறக்கக் கூடாது, பலமாகச் சிரிக்கக் கூடாது, கடினமான எதையும் மெல்லக் கூடாது என்றார். நிச்சயதார்த்தத்துக்கு ஒன்றரை மாதம் இருந்தது. தாராளமாகத் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள்.

"பேங்க்ல யாரு உங்கள ரெண்டு கன்னத்துலயும் அறைஞ்சது?"

உண்மையைச் சொன்னேன். அவள் சிரித்து ஓய்ந்துவிட்டு, ரசஞ்சாதத்தைக் குழையப் பிசைந்து கொண்டுவந்து வைத்தாள்.

நாலாம் நாள் சம்பந்தி வீட்டிலிருந்து போன். பையனுக்கு விடுப்பு மாறிவிட்டதாம். வருகிற ஞாயிற்றுக்கிழமையே நிச்சயத்தை வைத்துக்கொள்ளலாமா என்றார்கள். சரி என்றுவிட்டேன்.

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம். தட்டு மாற்றுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் அப்பா தன் கையாலேயே பாக்கு வைத்து வெற்றிலை மடித்துப் பெண்ணின் அப்பாவுக்குக் கொடுப்பார். சபையில் எல்லோரும் பார்க்க அதைப் போட்டுக்கொண்டால் சம்மதம். கையிலேயே வைத்திருந்தால், மனசில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இது எனக்கு நினைவுக்கு வந்ததே ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் அவர் மடித்து நீட்டிய பிறகுதான்.

வாங்கினேன். கையில் வைத்துக்கொண்டேன். அவர் தமக்கொன்று மடித்து வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். கூடமே பார்த்தது.

"போடுங்க சம்பந்தி."

"பழக்கம் இல்லீங்க."

பல்வலி என்று சொல்லியிருக்கலாம். இது எனக்கு மறுநாள் காலையில் தோன்றியது.

பக்கத்தில் இருந்த மச்சினன் விட்டானா? "யாருக்கு, அத்தானுக்கா பழக்கம் இல்ல? நாள் பூரா மாடு மாதிரி அசை போடுவாரே."

சம்பந்தியின் முகம் இறுகிவிட்டது. சிரித்துச் சமாளிக்கலாம் என்றால் சிரிக்கவும் கூடாது. பாதியில் நிறுத்திய சிரிப்பு ஏளனம் மாதிரி தெரிந்திருக்க வேண்டும். என் மனசுக்குள் சினிமா ஓடியது. முதல் கடியிலேயே எட்டு நூலும் பட்பட்டென்று அறுந்து, இரண்டு கன்னமும் தாம்பாளத்தில் விழ, தேங்காய் பழத்தோடு அதையும் அவர்கள் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நிமிர்ந்தால், அறைக் கதவோரம் மகள். கண் நிறைந்திருந்தது.

"கொஞ்சம் கொல்லைப்பக்கம் வாங்க" என்று சம்பந்தி எழுந்தார். மடித்த வெற்றிலையைக் கையில் பிடித்தபடியே பின்னால் போனேன்.

கிணற்றடியில் நின்று கேட்டார். "வெளிப்படையா சொல்லிடுங்க. பொண்ணைக் குடுக்க மனசு இல்லியா?"

"ஐயோ, அதில்லீங்க" என்று ஆரம்பித்து, தொங்கின கன்னம், சீக்கு என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம், ஊசி, நூல், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன்.

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். கடைவாய்க் கொடுப்பில் அடக்கி வைத்திருந்த வெற்றிலையை, மடித்தது மடித்தபடி, எடுத்து எறிந்தார். அப்புறம் மேல்வரிசைப் பல் மொத்தத்தையும் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"கட்டி எட்டு நாளுதான் ஆவுது. இந்த நிச்சயத்துக்குன்னே கட்டுனது. எம் பொஞ்சாதியத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. நானும் மெல்லலீங்க."

பொக்கைவாயோடு அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் இரண்டு கன்னத்தையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூக்கால் சிரித்தேன்.

காரில் ஒளித்துக் கொண்டுவந்திருந்த சின்ன வெற்றிலை உரலை அவரே போய் மேல்துண்டில் சுற்றி எடுத்துவந்தார். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து நைசாக இடித்தார். எனக்கு ஒரு உருண்டை, அவருக்கு ஒரு உருண்டை. பல்லை மாட்டிக்கொண்டு, "செவந்திருக்கா பாருங்க" என்று நாக்கை நீட்டினார். சிவந்திருந்தது. என் பங்குக்கு நுனிநாக்கை மட்டும் காட்டினேன். சிவந்த வாயோடு இருவரும் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தோம். தட்டு மாறியது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

நூல் கரைந்து, கன்னம் பழையபடி இறங்கிவிட்டது. திரும்ப ஏற்றிக்கொள்ள நான் போகவில்லை. ஒரு முட்டாளின் மானத்தைக் காப்பாற்ற, யாருக்கும் தெரியாத தன் குறையை உள்ளங்கையில் எடுத்துக் காட்டியவர் இருக்கிற குடும்பத்துக்குத்தான் பெண்ணைக் கொடுத்திருக்கிறோம் என்ற நினைப்பு, சிங்கப்பூரிலிருந்து அவளுடைய போன் வரத் தாமதமாகும் நாட்களில் இன்றும் என் நெஞ்சைக் கொஞ்சம் ஆற்றுகிறது.